நாகப்பன் நடத்தும் வகுப்பு

டோக்கனைக் கையில் கொடுத்த பிறகும் நாகப்பன் பிடியை விடமாட்டார். “ரெண்டு விசயம் கேட்டுக்கினு போ. வண்டியப் பூட்டு. எனக்கு வலிப்பு வந்து வுழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில தண்ணி ஊத்தாத. கைல சாவியத் திணிக்காத.” இரண்டு என்று தொடங்குவார், நாலில் முடிப்பார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டு அவர் ராஜ்ஜியம். ஒரகடத்துக் கம்பெனிகளில் சேர்ந்தால் முதல் நாள் சேஃப்டி வகுப்பு; இங்கே நாகப்பன் வகுப்பு. பழைய பையன்கள் அவருக்கு முன்பே ஒப்பித்துவிட்டு ஓடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி மாத்திரை சட்டைப் பையில், சீப்புக்குத் துணையாக இருக்கும். ஊரார் சைக்கிளையெல்லாம் துடைத்து வரிசை கட்டுகிறவர், தான் மட்டும் ஏறமாட்டார். டாக்டர் தடை. “மாமியா வூட்டுக்குக்கூட நடராஜா சர்வீஸுதான்!”

இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. “அப்டீன்னா இத்தினி ஃபேக்டரி கீற ஊர்ல ஒருத்தனுக்கும் வலிப்பே வரக் கூடாதே?” என்பார்.

ஸ்டாண்டைக் குத்தகை எடுத்திருந்த கோதண்டராமனுக்கு இந்த வகுப்பு பிடிக்கவில்லை. “இன்னாத்துக்கு நாகப்பா தண்டோரா? பயந்துகினு எதிர் ஸ்டாண்டுக்குப் பூடுவானுங்க. இனிமே வாயத் தொறந்தே, வேற ஆளு போட்டுப்பேன்.”

நாகப்பன் வாயை மூடினார். அடுத்த வாரமே விழுந்தார். அன்று சுற்றி நின்றதெல்லாம் புது முகங்கள். மல்லாக்கப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். மூச்சு முட்டி, இருமி இருமி உயிர் திரும்பியபோது கையில் மூன்று சாவிகள். சாவிக்காரர்கள் கம்பெனி பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை கோதண்டராமன் ஸ்டாண்டு பெஞ்சைவிட்டு நகரவில்லை. செல்போன் கம்பெனியில் சேர்ந்திருந்த திருநெல்வேலிப் பெண் பூமாரி, லேடீஸ் சைக்கிளோடு வந்தாள். நாகப்பன் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். வேலையா, மூச்சா?

“ஏம்மா, எனக்கு வலிப்பு வரும். நான் வுழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, இன்னா?”

அவள் பயப்படவில்லை. “எந்தப் பக்கமாத் திருப்பிப் போடணும் அண்ணாச்சி?”

இப்படி ஒரு மாணவி அவருக்குக் கிடைத்ததே இல்லை. குஷியில், சைக்கிள்களுக்கு நடுவே மண்ணில் படுத்தே காட்டிவிட்டார்: இடது பக்கம், முழங்கால் மடக்கி, கண்ணை மூடி.

கோதண்டராமன் விறுவிறுவென்று எழுந்து வந்தார். குனிந்து, நாகப்பன் தலையருகே துருத்திக்கொண்டிருந்த பெடலைப் பிடித்து, அந்தச் சைக்கிளைத் தள்ளி நிறுத்தினார்.