உடையாத தேங்காய்

தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயக் குடியிருப்பில், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தார் சித்திரைக்குச் சித்திரை போர்த்தேங்காய் அடிப்பார்கள். தேங்காயைத் தேங்காயால் அடிக்க வேண்டும். எவன் காய் உடைகிறதோ அவன் தோற்றான். கொழுந்து மூட்டை ஏற்றும் தவசி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தோற்ற கையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். இந்த வருடம் தேங்காய்க் கண்ணைத் துளைத்து, உள்ளே சிமெண்டு ஊற்றிக் கொண்டுவந்தான். எதிராட்டக்காரன் ரமேஷ்குமாரின் காய் நொறுங்கியது. தவசியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அப்போதே அவனுக்கு உடம்பு கூசியது.

பூசாரி கையை நீட்டினார். "ஜெயிச்ச காயக் குடுங்க தம்பி, அம்மனுக்கு உடைக்கோணும்."

இப்படியொரு வழக்கம் இருப்பதே தவசிக்குத் தெரியாது. தோற்றதும் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் எந்த வருடம் கோயில்வரை வந்தான்?

பூசாரி அடிக்க அடிக்க ஓடு மட்டும் உதிர்ந்து, சாம்பல் நிற உருண்டை வெளியே தெரிந்தது. ரமேஷ்குமார் துண்டில் முடிந்து வந்த தன் காயின் சில்லுகளை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"இதையே படைச்சிருங்க சாமி. அண்ணன் பேர்லயே."