நோவு கேட்டுக் கும்பிட்டவன்

புல்லுக்குள் முகம் குப்புற விழுந்து கிடந்தபோது நான் முதலில் செய்த வேலை முருகனுக்கு நன்றி சொன்னதுதான். இவ்வளவு பெரிய அடி விழுந்தும் ஒரு இடமும் நோகவில்லையே, அவன் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு எழும்பப் பார்த்தேன். கையும் வரவில்லை, காலும் வரவில்லை. வாய்க்குள் புல்லும் மண்ணும் இருந்தன. அதைத் துப்ப மட்டும் முடிந்தது.

இது 2006 ஆவணியில் ஒஸ்லோவில் நடந்தது. ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டின நாட்கள். எங்கள் சனம் எல்லாம் ரெலிபோனும் கையுமாகத் திரிந்த நேரத்தில் நான் போய் ஆஸ்பத்திரியில் படுத்தேன். என்னைப் பற்றி அப்போது பல கதைகள் உலாவின. கோயில் வீதியில் ஊன்றுகோலோடு என்னைக் காண்கிறவர்கள் இன்றைக்கும் மறித்துக் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப் போனேன். அதனால் இந்தத் திருவிழா மலரில் எல்லோருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் ஆறு வயதில் அம்மா அப்பாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் விட ஒரு சாண் உயரம், இரண்டு மடங்கு பாரம். பதினைந்து வயதில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போனேன். அம்மா ஒருநாள் பார்க்க வந்து, "பந்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுறாங்கள். பிறகேன் ஃபுட்போல் எண்டு பேர் வைச்சவங்கள்?" என்று கேட்டா. நான் தடுப்பு வரிசைக்காரன். பந்து என் கைக்கு வருவதே அபூர்வம். பந்தோடு வருகிறவனை மறித்து நிலத்தில் விழுத்துவதுதான் என் தொழில். தொழில் என்று சும்மா சொல்லவில்லை. இருபது வயதில் ஜெர்மனியில் ஒரு அணி என்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. மூன்று பருவங்கள் அங்கே விளையாடினேன். சனம் அப்பாவிடம், "பொடியன் படிக்கேல்லையோ?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து வருடம் தவறாமல் எங்கள் கோயிலில் செடில் காவடி எடுத்தேன். முதுகில் கொக்கிகளைக் குத்திக் கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, முன்னால் நான் ஆடிக்கொண்டு போவேன். குத்துவதும் பிடிப்பதும் சிவராசா மாமா. சொந்த மாமா இல்லை. எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். அவர் கொக்கி ஏற்றும்போது எனக்கு நோகாது. முதல் வருடமே நோகவில்லை. "முருகன் இவனிலை நிக்கிறார்" என்று சனம் சொன்னது. நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு கணக்கும் போட்டு வைத்தேன். நோகாதவனில் சுவாமி இருக்கிறார், நோகிறவனுக்குப் பக்தி காணாது. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. என் மண்டைக்குள் நானே செய்த சமயம் அது.

அந்தக் கணக்கை மைதானத்துக்கும் கொண்டு போனேன். ஜெர்மனியில் இரண்டாவது பருவத்தில், ஒருவனை மோதி விழுத்தினால் கழுத்திலிருந்து வலது கை நுனி வரை கரண்ட் அடித்தது போல ஒன்று ஓடும். பிறகு கை விறைத்துவிடும். மற்ற விளையாட்டுக்காரர்கள் அப்படி வந்தால் வெளியே போய் இருந்து டொக்டரிடம் காட்டுவார்கள். நான் காட்டவில்லை. விறைத்தால் நோகாது, நோகாவிட்டால் அது அருள். அணி டொக்டர் கிழமைக்கு ஒருதரம், "எங்காவது நோகிறதா?" என்று கேட்பார். இல்லை என்பேன். அது பொய்யும் இல்லை.

மூன்றாவது பருவம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சின்ன விரலும் பக்கத்து விரலும் எந்த நேரமும் மரத்துப்போய் இருந்தன. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கைக்கு என்னடா?" என்று அம்மா கேட்டா.

"ஒண்டுமில்லை அம்மா. கழுவின கை, வழுக்கிப்போட்டுது."

அந்த வருடத் திருவிழாவில் மாமா கொக்கி ஏற்றினார். வலது பக்கம் நுளம்பு கடித்த அளவுக்குக் கூடத் தெரியவில்லை. "குத்தினது தெரிஞ்சுதோ?" என்று கேட்டார். "இல்லை மாமா" என்றேன். மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களிடம், "கொக்கி ஏறினதே தெரியேல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் நிலத்தில் கால் பாவாமல் ஆடினேன். அவ்வளவு தலைக்கனம்.

காவடி எடுத்துப் பன்னிரண்டாம் நாள் என் பழைய ஒஸ்லோ அணிக்காக ஒரு சிநேகித ஆட்டம் விளையாடப் போனேன். முதல் பாதி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒருவன் பந்தோடு நேரே என்னை நோக்கி வந்தான். தலையை நிமிர்த்து, கண்ணால் பார்த்துக்கொண்டு மோது என்பதுதான் எங்கள் பயிற்சியாளர் என் பதினைந்து வயதிலிருந்து தொண்டை கிழியக் கத்திய ஒரே பாடம். கெடுகுடி சொற்கேளாது. நான் தலையைக் குனிந்தேன்.

கழுத்தில் ஒப்பரேசன் செய்தார்கள். நரம்பு அறவில்லை, நசிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். திரும்பி வரலாம், வராமலும் விடலாம், பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். நெஞ்சுக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. இடது கை முழங்கையில் மட்டும் மடங்கும். வலது கை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலப் பக்கத்தில் கிடந்தது. இருபத்துமூன்று வயது. நூற்றுப்பத்து கிலோ பாரமுள்ளவனை ஓட ஓட மறித்த எனக்கு அம்மா புட்டைக் குழைத்துத் தீத்தினா. கீழே போவதெல்லாம் தாதிமார் துடைத்தார்கள். நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பார்க்க வந்த சனம் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒவ்வொரு நியாயமும் கொண்டு வந்தது. "யானைக்கும் அடி சறுக்கும் தானே தம்பி" என்றார் ஒருவர். சறுக்கவில்லை ஐயா, நானாகப் போய் முட்டினேன் என்று சொல்ல வாய் வரும். அடக்கிவிடுவேன்.

கிழமைக்கு மூன்று நாள் காலையில் மாரித் என்ற ஃபிசியோ வருவா. நோர்வேப் பெண், அதிகம் கதைக்க மாட்டா. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசியின் கூர்ப் பக்கத்தாலோ மொட்டைப் பக்கத்தாலோ காலில் தொட்டு, "கூரா, மொட்டையா?" என்று கேட்பா. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது போல மாறி மாறிச் சொல்வேன். கூர், மொட்டை, கூர், கூர்.

ஒருநாள் ஊசியை வைத்துவிட்டு, "இது பள்ளிக்கூடச் சோதனை இல்லை. நீ பாஸ் பண்ணத் தேவையில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்றா.

அன்றைக்குத்தான் என்னைச் சரித்துப் படுக்க வைத்தபோது முதுகில் வரிசையாக இருந்த தழும்புகளைக் கண்டா. என்னவென்று கேட்டா. காவடியைப் பற்றிச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "நோகவில்லையா?" என்று மட்டும் கேட்டா.

"ஒருநாளும் நோகவில்லை. இந்த முறை வலது பக்கம் தொட்டதே தெரியவில்லை" என்றேன். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"வலது கை எவ்வளவு காலமாக விறைத்தது?"

"ஒன்றரை வருடம்."

அவ போர்வையை இழுத்துச் சரிசெய்தா. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக என் கழுத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதற்கு அருள் என்று பேர் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாமியும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அம்மா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து டிபானே ரயில் எடுத்து வந்து நெற்றியில் திருநீறு பூசுவா. முகத்தைத் திருப்ப முடியாது, கழுத்தைச் சுற்றி இரும்புச் சட்டம். "பூசாதேங்கோ" என்று கத்தினேன். அவ கேட்கவில்லை. கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் தண்ணீரோடு விரதம் பிடித்தா. சூரன்போர் அன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தா. மனதின் ஒரு மூலையில் நானும் நம்பினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சூரன்போர் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. மாரித் ஊசியால் தொட்டா. தெரியாது, தெரியாது, தெரியாது.

விரதப் பாறணை முடித்த அன்று அம்மா வந்து கதிரையில் இருந்தா. கைப்பையைத் திறக்கவில்லை. திருநீறு எடுக்கவில்லை. நான் எவ்வளவோ நாள் வேண்டாம் என்று கத்திய திருநீறு, அது வராத அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது.

"இனி நான் கேக்க மாட்டன்" என்றா அம்மா. "எனக்குக் கேட்டுக் கேட்டு வாய் உளையுது. அவருக்குக் காது இல்லை."

அம்மாவின் வாயால் அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னுடைய விளையாட்டுப் போனது, கை கால் போனது. இப்போது அம்மாவின் சுவாமியையும் நான் கொண்டு போய்விட்டேன். அதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியவில்லை. அவ போன பிறகு விம்மி விம்மி அழுதேன். கண்ணீரைத் துடைக்கக் கை வராது. அது காதுக்குள் ஓடியது.

அன்றுதான் முதல் தடவையாக மனம் விட்டுக் கும்பிட்டேன். அதுவரை கும்பிட்டதெல்லாம் பலம் தா, வெற்றி தா என்றுதான். நடக்க வை என்று கேட்க வெட்கமாக இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது? நான் கேட்டது இதுதான். "முருகா, நீ தந்த நோவை நான் வேண்டாம் என்று தள்ளினேன். பிழை என்னுடையது. அதைத் திருப்பித் தா. எங்கே என்றாலும் பரவாயில்லை, எவ்வளவு என்றாலும் பரவாயில்லை. எனக்கு நோக வேண்டும்."

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு வேலை எனக்கு என்ன?

ஒரு கிழமை கழிந்து ஒரு வியாழக்கிழமை. வெளியே முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. இடது காலில், பெருவிரலுக்கு மேலே, நெருப்புக்கொள்ளியை வைத்தது போல ஒன்று பிடித்தது. பிறகு அது ஏறியது. நான் போட்ட சத்தத்தில் அம்மாவின் மடியிலிருந்த பழம் உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது.

"என்னடா? என்னடா ராசா?"

"நோகுது அம்மா! நோகுது!"

"எங்கயடா நோகுது?"

"காலிலை. இடது காலிலை."

அம்மா போர்வையை விலக்கி, காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. "நோகட்டும், நல்லா நோகட்டும்" என்று சொல்லிச் சொல்லி அழுதா. ஓடி வந்த தாதி யாருக்கு ஊசி போடுவது என்று தெரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. அடுத்த முறை மாரித் ஊசியோடு வந்தபோது எட்டுத் தடவையில் ஐந்து தடவை நான் சரியாகச் சொன்னேன், ஊகிக்காமல்.

வீக்கம் வற்றி நரம்பு மெல்ல விழித்துக்கொண்டது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அதையும் நம்புகிறேன். விழிக்க வைத்தது யார் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் எல்லாம் சுகம் என்று எழுதினால் அது பொய். பதினான்கு மாதம் எடுத்து நடந்தேன், அதுவும் கோலோடு. வலது கையால் இன்றைக்கும் சட்டைத் தெறி பூட்ட முடியாது. விளையாட்டு முடிந்தது. ஜெர்மனி அணி என் இடத்துக்கு வேறொருவனை எடுத்துவிட்டது. என் பழைய தலைக்கவசத்தை அம்மா அலுமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருக்கிறா. எடுக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை, எறியச் சொல்லவும் மனமில்லை. கால் ஒவ்வொரு நாளும் எரிகிறது. டொக்டர் தந்த மாத்திரையைப் போடுகிறேன், அது கொஞ்சம் தணிகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு இருக்கிறேன். கேட்டு வாங்கியது அல்லவா?

உறவுகளே, உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நோவை மறைத்துக்கொண்டு சுவாமி முன்னால் வீரனாக நிற்க வேண்டாம். அவனிடம் சொல்லுங்கள். டொக்டரிடமும் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். கேட்கக் காது இல்லை என்று நினைக்கும் நாளில் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். சிவராசா மாமா இப்போதும் செடில் குத்துகிறார். ஆனால் கொக்கி ஏற்றுவதற்கு முதல் ஒவ்வொரு பொடியனிடமும், "கை விறைப்பு ஏதும் இருக்கோ? உண்மையைச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். இருக்கிறது என்ற ஒருவனை இந்த முறை குத்தாமல் திருப்பி அனுப்பினார்.

இந்த வருடம் நான் காவடி எடுக்கவில்லை. இடது கையில் பாற்செம்பு, வலது பக்கம் கோலோடு சேர்த்து மாமாவின் தோள். வெறுங்காலோடு வெளிவீதி ஒருதரம் சுற்றினேன். நல்ல வெயில். கார் நிற்பாட்டும் இடத்தின் தார் கொதித்தது. மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். எனக்கு ஓட வராது, ஒவ்வொரு அடியாக வைத்தேன். அம்மா பக்கத்தில் வந்தா. அவவின் நெற்றி நிறையத் திருநீறு.

"சுடுகுதோடா?" என்று கேட்டா.

"ஓம் அம்மா. நல்லாச் சுடுகுது" என்றேன்.

அம்மா சிரித்தா. நாங்கள் அந்தச் சுற்றை மெதுவாகவே முடித்தோம்.