உணவுத் தட்டிலேயே ஓராண்டை மீட்ட எங்கள் தங்கை

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கும், நண்பர்களுக்கும், என் தங்கையோடு பணிபுரிந்த அன்பர்களுக்கும் பணிவான வணக்கம். எங்கள் அன்புத் தங்கை எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர் வாழ்வைப் பற்றி எழுதும் பொறுப்பு மூத்தவன் என்ற முறையில் எனக்கு வந்தது. வயதில் அவர் என்னினும் மிக இளையவர். ஆயினும் இக்கட்டுரை முழுவதும் 'அவர்' என்றே எழுதுகிறேன். அம்மரியாதையை அவர் எவ்வாறு ஈட்டினார் என்று சொல்வதே என் நோக்கம். இதை வாசிப்போர் கண்கலங்க வேண்டியதில்லை. இது ஒரு வெற்றியின் வரலாறு.

முதலியார்பேட்டையில், மில் தொழிலாளி ஒருவரின் கடைசி மகளாகத் தங்கை பிறந்தார். மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே எங்கள் வீட்டில் உலை ஏறும். ஷிப்டுக்குச் செல்லும் அவசரத்திலும் தந்தையார் சோறு உண்டு கை கழுவியதும் ஒரு தம்ளர் டீ அருந்திவிட்டே படி இறங்குவார். அதைக் கண்டு வளர்ந்த நாங்கள் அனைவரும் அவ்வாறே பழகினோம். டீ குடித்தால்தான் சாப்பாடு முடிந்ததாக எங்கள் வீட்டில் பொருள்.

தங்கைக்கு உரிய காலத்தில் திருமணம் நடந்தது. சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்தார், குழந்தையும் இல்லை. பிறந்த வீடு திரும்பியவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்தபடியே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். இரண்டாயிரமாம் ஆண்டு கடந்து ஓரிரு ஆண்டுகளில், வயது வரம்பு முடியும் தறுவாயில், செவிலியர் பயிற்சியில் இடம் பெற்றார். உடன் சேர்ந்த பெண்கள் பலர் அவரை முதல் நாளில் ஆசிரியை என்றெண்ணி எழுந்து நின்றார்களாம்.

அக்காலத்தில், தந்தையாருக்குப் பின் நான் வேலை பார்த்த மில் ஓடிய நாட்களைவிட மூடிக் கிடந்த நாட்களே மிகுதி. "உன் வீட்டு அரிசியில பங்குக்கு வர மாட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு, தங்கை சாரம் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் விதவையார் வீட்டின் பின்கட்டு அறை அது. அவ்வம்மையாரைத் தெருவே 'மதாம்' என்றழைக்கும். அறையைப் பகிர்ந்துகொண்டவர் உடன் பயின்ற அஞ்சலை. பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பெண். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

பயிற்சிக்கால உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சியதே சாப்பாட்டுக்கு. காலையில் பன்னும் டீயும், பகலில் சோறும் ஊறுகாயும், இரவில் மிஞ்சிய சோற்றில் ரசம் என்று தங்கை நாட்களை ஓட்டினார். வயிறு நிறைந்தது, உடம்பு தேயத் தொடங்கியது. ஒரு நாள் காலை வணக்கத்தின்போது வரிசையிலேயே மயங்கி விழுந்தார். சோதித்த மருத்துவ அம்மையார், இரத்தத்தில் இரும்புச்சத்து மிகக் குறைந்திருப்பதாகக் கூறி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"வார்டுல நீ விழுந்தா, நோயாளி உன்னைத் தூக்கணுமா? மூணு மாசம் டைம் தரேன். ரத்தம் ஏறலன்னா வார்டு கிடையாது. அடுத்த வருஷம் சேர்ந்துக்க" என்றார் அவர்.

மற்றப் பெண்களுக்கு அடுத்த ஆண்டு என்பது ஓர் ஆண்டுத் தாமதம். தங்கைக்கோ, அடுத்த ஆண்டு வயது வரம்பு கடந்துவிடும். அவருக்கு இரண்டாம் வாய்ப்பு என்பதே இல்லை.

அச்சத்தில் அவர் முதலில் செய்த காரியம், கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துச் சத்துமாவுப் புட்டி ஒன்றையும் நான்கு ஆப்பிள்களையும் வாங்கி வந்தது. நலிந்தவர்களைப் பார்க்கப் போகையில் நம்மவர் வாங்கிச் செல்லும் பொருள்கள் அவைதாமே! அஞ்சலை புட்டியைத் தட்டிப் பார்த்தாராம்.

"இன்னாக்கா, மாசச் சாப்பாட்ட டப்பால அடச்சி வாங்கியாந்துட்டியா? இத தொறந்து மோந்து பாத்துக்கினே மாசத்த ஓட்டிடலாமா?"

"உடம்புக்கு நல்லதாம்டி."

"எங்க கரையில வந்து பாரு. கவல மீன கூடையோட குடுக்கறான். அத துன்னு வளந்தவங்கதான் நாங்க. நான் என்னிக்கினா மயக்கம் போட்டனா?"

மறுநாளே அஞ்சலை ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கவலை மீன் கொணர்ந்தார். முள் மிகுந்த, விலை மலிந்த சிறு மீன் அது. நம் பக்கத்தில் பலர் அதை வாசலில் வைத்து வாங்கவும் கூசுவர். தங்கை கிணற்றடியில் அமர்ந்து கழுவிக்கொண்டிருந்தபோது மதாம் தம் பூனையுடன் வந்து, பிரெஞ்சில் நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்.

"மெர்சி, மெர்சி! என் மினுவுக்கா வாங்கியாந்த? எவ்ளோ நல்ல மனசும்மா உனக்கு!"

தமக்கென்று சொல்லத் தங்கை கூசினார். மீன் முழுவதும் பூனையின் தட்டுக்குப் போயிற்று. மாலையில் செய்தி அறிந்த அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார்.

"உன் ரத்தத்த பூனைக்கு ஏத்திட்டியேக்கா! பூன நாளைக்கு வார்டுக்குப் போவும், நீ வூட்ல குந்தினு எலி புடி!"

தங்கை அன்று வெகுநேரம் சிரித்ததாகப் பின்னர் என்னிடம் கூறினார். சிரித்து முடித்தபோது கூச்சமும் அவரை விட்டு அகன்றிருந்தது. அடுத்த முறை மீன் வந்ததும் தாமாகவே மதாமிடம் சென்று, "இது எங்களுக்கு மதாம். தலையும் வாலும் மினுவுக்கு" என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். மதாம் கோபிக்கவில்லை. தம் தோட்டத்து முருங்கையில் வேண்டிய கீரையைப் பறித்துக்கொள்ளவும் அனுமதித்தார்.

அன்று முதல் அவ்வறையின் சமையல் மாறியது. பன்னுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ். வாரத்தில் சில நாள் கவலை மீன் குழம்பு. மற்ற நாட்களில் பருப்பிட்ட முருங்கைக்கீரை. பசித்தால் வேர்க்கடலையும் வெல்லமும். சத்துமாவுப் புட்டிக்குக் கொடுத்த காசினும் குறைவாகவே இருவரும் வயிறார உண்டனர்.

ஆயினும் இடையில் செய்த சோதனையில் இரத்தம் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. தங்கை மனமுடைந்து போனார். மீனும் கீரையும் மாத்திரையும் உடம்புக்குள் சென்று எங்கேதான் மறைகின்றன என்று அவருக்கு விளங்கவில்லை. விடை வகுப்பறையில் கிடைத்தது. உணவூட்டப் பாடம் நடத்திய ஆசிரியை, உணவோடு அருந்தும் டீ, இரும்புச்சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும் என்று போகிற போக்கில் சொன்னார். தங்கை எழுந்து நின்றார்.

"மேடம், மாத்திரைய டீயில போட்டுக்கினா?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "எத்தன நாளா அப்படிப் போட்டுக்கற?" என்று கேட்டார்.

"குடுத்த நாள்லேர்ந்து மேடம்."

எங்கள் வீட்டுப் பழக்கம் அவருடைய மாத்திரையையும் கீரையையும் ஒருசேர வீணாக்கிக்கொண்டிருந்தது! அந்த ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு உணவுண்ண வந்தவர், சாப்பாடு முடிந்து நீட்டிய டீயை மறுத்தபோது அனைவரும் திகைத்தோம்.

"அப்பா ஆயுசு பூரா சோறு துன்ன கையோட டீ குடிச்சாரு. மில்லுல பஞ்சு பேல் தூக்கலியா?" என்றேன் நான்.

"தூக்குனாருண்ணா. சாயங்காலம் வந்தா சுருண்டு படுத்துக்குவாரே, அது இன்னான்னு நெனச்ச?"

அன்று அவர் டீக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். டீயை அடியோடு விடவும் இல்லை. உணவுக்கு வெகுநேரம் தள்ளி, தனியே அருந்தினார். மாத்திரைக்குத் தண்ணீர், குழம்புச் சோற்றின் மேல் எலுமிச்சைச் சாறு. அவ்வளவே மாற்றம்.

மூன்றாம் மாத முடிவில் மருத்துவ அம்மையார் சோதனைச் சீட்டை இருமுறை பார்த்தாராம். "நல்லா ஏறியிருக்கே! டானிக் ஏதாவது குடிச்சியா?"

"கவல மீனு டாக்டர்."

"நாளைக்கு வார்டுக்கு வந்துடு."

மறுநாள் காலை, விறைப்பாகக் கஞ்சியிட்ட வெள்ளைச் சீருடையுடன் தங்கை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காட்டிவிட்டுப் போகவே வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அரசுச் சீருடை அணிந்த முதல் பெண் அவரே.

பயிற்சி முடித்துப் புறநகர்ச் சுகாதார நிலையத்தில் பணியேற்றபின், தம்மிடம் வந்த கருவுற்ற பெண்களிடம் அவர் முதலில் கேட்டது பெயரை அன்று. "துன்ன உடனே டீ குடிக்கிறியா?" என்பதே அக்கேள்வி. ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று வருந்தியவர்களிடம், "ஆப்பிள்ல இன்னாம்மா இருக்குது? கொய்யா கடி, கீரைய ஆய்ஞ்சி போடு" என்பார். இறுதி நோய் விரைந்து வந்து விரைந்து முடித்துவிட்டது. படுக்கையிலிருந்தபடியே பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்த்துக் கண்டித்தவர் அவர்.

அறையையும் அடுப்பையும் பகிர்ந்து, இன்று தாமும் செவிலியராய்ப் பணிபுரியும் அஞ்சலைக்கும், முருங்கை மரத்தைத் திறந்துவிட்ட மதாம் அவர்களுக்கும், கேள்வியைக் கேட்டுச் சிரிக்காத ஆசிரியைக்கும், இறுதி நாட்களில் உடனிருந்த சுகாதார நிலையத்து அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

தங்கையை வழியனுப்பிய நாளில், நாங்கள் அறியாத பெண்கள் பலர் கைக்குழந்தைகளுடன் தெருக்கோடி வரை நின்றிருந்தனர். யாரம்மா நீங்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "சிஸ்டருதாங்க இதுக்குப் பிரசவம் பாத்தாங்க" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அந்த ஓராண்டைத் தங்கை இழந்திருந்தால் அப்பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய பெயர்களைக் கேட்டறியும் நிலையில் அன்று நாங்கள் இல்லை. இம்மலர் எவர் வழியாகவேனும் அவர்கள் கைக்குச் சேருமாயின், எங்கள் வீட்டுக் கதவு அவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் என்றும் திறந்திருக்கிறது என்று அறிவார்களாக.

இங்ஙனம்,
தங்கையின் மூத்த அண்ணன்,
முதலியார்பேட்டை.