உத்திரமேரூரி

உத்திரமேரூர் பஜாரில் பூட்டும் மண்வெட்டியும் கயிறும் விற்றுக்கொண்டிருந்த பாய் ஒரு உருதுக் கவிஞர் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. பெரிய ஏரிப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம். மண்வெட்டி வாங்கப் போவேன், வருவேன். அவருக்கும் என் வயதுதான். ஒரு மத்தியானம் மழைக்கு அவர் கடையில் ஒதுங்கினேன். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். கவிதை ஒன்று பாதியில் நிற்கிறது என்றார்.

அதன்பிறகு வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் உட்கார ஆரம்பித்தேன். எனக்கு உருது தெரியாது. அவர் முதலில் பாடிவிட்டு, பிறகு தமிழில் சொல்வார். நாம் வாய்க்கு வாய் சொல்கிற பேஜாரும் நாஷ்டாவும் உருதுதான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. உருதுக் கவிஞர்கள் புனைபெயரோடு பிறந்த ஊரையும் சேர்த்துக்கொள்வது வழக்கமாம். அவர் நம் ஊரைச் சேர்த்து, ‘உத்திரமேரூரி’ என்று வைத்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு முஷாயிராவுக்கு, அதாவது கவிஞர்கள் கூடிப் பாடும் சபைக்கு, அவரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் பஸ் ஏறினேன். சபையை நடத்திய பெரியவர் நல்ல மனுஷர்தான். எங்களுக்கு டீ கொடுத்து உட்காரவைத்து, இந்த ஊர்ப்பெயர் உருது நாக்கில் புரளாது, கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். ஆற்காடு பேர்போன ஊர், பக்கத்தில்தானே இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனையும் சொன்னார்.

பாய் டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “கெளம்பு நைனா. பொறந்த ஊர வாசல்ல வுட்டுட்டு வரச் சொல்றாங்க. நான் பாடல.”

பெரியவர் பதறிப்போய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசியில் வெறும் புனைபெயரை மட்டும் அறிவிப்பது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அப்படியே அறிவித்தார்கள். பாய் மைக் முன்னால் போய் நின்று, விட்டுப்போன ஊர்ப்பெயரை நிதானமாகத் தானே சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை நின்றார். பிறகு ஏரியைப் பற்றிய கவிதையைத் தொடங்கினார். மதகுக்குச் சரியான உருது வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை. மதகு என்றே எழுதியிருந்தார். அதற்கும் சிரித்தார்கள். அவர் கடைசி அடிவரை பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் வருத்தமா என்று கேட்டேன்.

“அவுங்க ஊரு பேர அவுங்க வெச்சிக்கினு கீறாங்க. என் ஊரு பேர நான் வெச்சிக்கினு கீறேன். இதுல வருத்தம் இன்னா கீது?” என்றார்.

அதற்குப் பிறகு மெட்ராஸிலிருந்து அழைப்பு வரவில்லை. வாணியம்பாடியில் இருந்த அவர் மச்சான்மார்கள், இங்கே தெருவுக்குத் தெரு கவிஞர்கள் இருக்கிறார்கள், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று நச்சரித்தார்கள். மனைவிக்கும் ஆசைதான். பாய் ஒருமுறை போய்ச் சில வாரம் தங்கிவிட்டு வந்தார். என்ன ஆயிற்று என்றேன். அங்கே எல்லோருக்கும் உருது தெரிகிறது, ஏரி ஒருவருக்கும் தெரியவில்லை என்றார். அன்றே தன் முடிவையும் சொன்னார். முஷாயிராவை நம் ஊரிலேயே நடத்தப்போகிறார்.

யார் வந்து கேட்பார்கள் என்றேன்.

“நீ கேக்கறல்ல? அதான் ஒரு ஆளு கீதே” என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் அவரே போய்க் கவிஞர்களை அழைத்தார். அறுவடை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரைஸ்மில் களத்தில் ஓரமாக ஜமுக்காளம் விரித்தோம். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. பாய் சொன்ன நேரத்துக்கே தொடங்கினார். வந்தவர்களுக்கு அவர் மனைவி சமைத்துப் போட்டாள். என்ன கூட்டம் என்று பார்க்க வந்த குடியானவர்கள் தோளில் துண்டோடு சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் பாடி முடித்ததும் பாய் என் காதில் அர்த்தம் சொல்வார். நான் அதை உரக்கச் சொல்வேன்.

அவர் முறை வந்தது. அதே ஏரிக் கவிதை. மதகைத் திறந்தார்கள், உள்ளே இருந்து காற்றுதான் வந்தது என்று நான் தமிழில் சொன்னேன். களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள். மாகறலிலிருந்து வேலைக்கு வருகிறவள்.

“ஏரி காஞ்ச வருசத்தயா சொல்றாரு?” என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அப்ப இன்னொரு தபா சொல்லச் சொல்லு.”

பாய் மறுபடியும் முதலிலிருந்து பாடினார். அவள் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு நெல்லுக்குத் திரும்பிப் போனாள். வேலூர்க் கவிஞர் ஒருவர் மதகு என்றால் என்ன என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் அவரை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தோம்.

மறுவருஷம் மில்காரர் களம் தரமுடியாது என்றுவிட்டார். பாய் வேறு யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஏரிக்கரையில் இருந்த புளியமரத்தடியைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். அன்று ஏரிக் காற்று பலமாக அடித்தது, மைக்கும் கிடையாது. அவர் எழுந்து நின்று குரலை உயர்த்திப் பாடினார். நானும் அதே அளவுக்குக் கத்தி அர்த்தம் சொன்னேன்.