மாமாவுக்கு ஆட்டுத்தோல்

யுத்தகால ஊரடங்கு நாட்களில் என் கணவர் பலாப்பலகையில் தன் கையாலேயே ஒரு கதிரை செய்தார். அரசாங்கம் இன்னும் இரண்டு தரம் ஊரடங்கு போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு மேசையும் கிடைத்திருக்கும். இருக்கைக்குத் தோல் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. றெக்சின் போதுமே என்றேன். வெள்ளவத்தை வெக்கையில் தொடையோடு ஒட்டும் என்றார்.

கதிரை மாமாவுக்கு, என் கணவரின் அப்பாவுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்தார், நாரி நோவால் இடுப்பை மடித்து நிலத்தில் இருக்க முடியாது. முட்டை பொரித்த சட்டியில் தண்ணீர்கூடச் சுடவைக்கவிடாத சைவம். மாட்டுத்தோலில் இருத்தினால் அடுத்த கப்பலிலேயே ஷெல் விழும் ஊருக்குத் திரும்பிவிடுவார், அந்தப் பழி எனக்கு வரும் என்று பயந்தேன்.

கைக்குழந்தையோடு கொட்டாஞ்சேனைத் தோல்கடைக்குப் போனேன்.

“ஆட்டுத்தோல் இருக்கோ?”

“கதிரைக்கா மிஸ்? இது சப்பாத்துக்கு உள்ளுக்கு ஒட்டுறது. ஆள் இருந்தா தொட்டிலாப் போயிரும்.”

“அவர் மெல்லிய ஆள்.”

“அது மிஸ்ஸுக்குத் தெரியும். தோலுக்குத் தெரியுமா?”

ஆடு என்றால் பாவம் அரைவாசி என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குப் படிப்பிக்கவில்லை; நானாகவே கண்டுபிடித்தேன். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் சிப்பாய் தோலை விரித்து, தடவி, மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார். வாங்கும்போது நான் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

தோலை நனைத்து, முன்பக்க நடுவில் ஓர் ஆணி, பின்பக்க நடுவில் ஓர் ஆணி என்று இழுத்து இழுத்து அடித்தேன். காய்ந்ததும் விறைப்பாக நின்றது. தட்டினால் சத்தம்கூட வந்தது. பெருமையில் குழந்தை எழும்பும்வரை தட்டினேன்.

மாமா வந்தார். வடக்கிலிருந்து வருகிற எல்லாரையும் போலப் பொலிஸில் பெயரைப் பதிந்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். மூன்றாம் நாள் தோல் தொய்ந்து, அவருடைய முழங்கால்கள் முகநாடிக்கு வந்திருந்தன.

“பிள்ளை, இது என்ன தோல்?”

“ஆட்டுத்தோல், மாமா. மாடில்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்.”

“ஆர் உனக்கு மாடு கூடாதெண்டு சொன்னது? தேவாரத்துக்கு வாசிக்கிற மிருதங்கத்திலை என்ன, வாழைமடலே கட்டிக்கிடக்கு?”

வாசலைப் பார்த்தேன். அவருடைய செருப்புகள் கிடந்தன. தடித்த, அருமையான மாட்டுத்தோல். மூன்று நாளாக அவற்றைத் தாண்டித்தான் பால் வாங்கப் போய்வந்தேன்.

“அப்ப நீங்கள் திரும்பிப் போகமாட்டியளோ?”

“எழும்பவே ஏலாமல் கிடக்கிறன், எங்கை போறது? முதல்லை கையைத் தா.”