ஆம்பளைக் கையெழுத்து

சவுரியம்மாளைப் பற்றி எங்கள் காலனியில் கேட்டால் அழுத்தக்காரி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாமா என்றிருக்கும் எனக்கு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பால்வாடி டீச்சர், அவள் எதிர்வீடு. புருஷன் ராயப்பன் கிணறு வெட்டப்போன இடத்தில் மண் சரிந்து செத்தபோது அவளுக்கு முப்பது வயது, மகள் அன்புச்செல்விக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு டவுனில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கும் ஷெட்டில் பருப்பு பொறுக்கித்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

அந்த ஷெட்டின் மேஸ்திரி தாண்டவராயன். கட்டிக்கொள்கிறேன் என்றான், இவளும் நம்பினாள். இதற்காக நான் அவளைத் திட்டமாட்டேன். நாலு வருஷமாக யாரும் கேட்காதவளை ஒருத்தன் “சாப்டியா?” என்று கேட்டால் மனசு இளகத்தான் செய்யும்.

2007 ஆகஸ்டில் என் வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போய்க்கினு இருக்குது. கலைச்சிடலாம். அன்பு பத்தாவது படிக்குது. ஸ்கூல்ல எவளாவது ஒரு வார்த்த சொன்னா அது தாங்காது.”

நானே டவுனுக்குக் கூட்டிப் போனேன். அந்த நர்சிங் ஹோம் பேர் வேண்டாம். கவுன்ட்டரில் இருந்த பெண் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “ஹஸ்பெண்ட் சைன் பண்ணணும்” என்றாள்.

“அவரு செத்துட்டாரும்மா” என்றாள் சவுரி.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்போ யாரு காரணமோ அந்த ஆள இட்டுக்கினு வாங்க. ஆம்பள கையெழுத்து இல்லாம டாக்டர் தொடமாட்டாரு.”

நான் பன்னிரண்டாவது படித்தவள். அந்தத் தாளை வாங்கிப் படித்தாவது பார்த்தேனா? பார்க்கவில்லை. பெரிய மனுஷியாட்டம் தலையை ஆட்டிவிட்டு, “அவன இட்டுக்கினு வா சவுரி” என்று வேறு சொன்னேன்.

தாண்டவராயன் இந்த வாரம் வருகிறேன் என்றான், அடுத்த வாரம் வருகிறேன் என்றான். இப்படியே மூன்று மாசம் இழுத்தடித்தான். கடைசியில், “கையெழுத்து போட்டா நாளைக்கு கேஸாயிடும். எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?” என்று சொல்லிவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு, “அஞ்சு மாசம் தாண்டிடுச்சும்மா, இனிமே முடியாது. முன்னாடியே வர்றதுக்கு என்ன?” என்றார்.

“கையெழுத்து கெடைக்கல.”

“யார் கையெழுத்து? வயசு வந்த பொம்பளைக்கு அவ கையெழுத்து ஒண்ணே போதும். அதுதாம்மா சட்டம்.”

வெளியே வந்ததும் நான் அழுதேன். அவமானத்தில் அழுதேன். சவுரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ரெண்டு நாள் யோசித்தாள். “வெச்சிக்கினா அன்பு கதி இன்னா? நாளைக்கு எவன் வந்து அத்த கட்டுவான்? தத்து குடுத்துட்டா எங்கனா நல்லா இருக்கும் டீச்சர்.” சரி என்றேன். எதற்கும் சரி என்கிற வாய் எனக்கு. சென்னையில் வீட்டு வேலை என்று ஊரை நம்ப வைத்து, இப்படிப்பட்ட பெண்களைப் பிரசவம் வரை வைத்துக்கொள்கிற, டாக்டரம்மா சொன்ன விழுப்புரம் ஹோமுக்குப் போனாள். அன்பு என் வீட்டில் தங்கிப் படித்தாள்.

மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கிற அன்று நானும் போயிருந்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு ஆம்பள கையெழுத்து வாணாமா?” என்று கேட்டாள் சவுரி.

“வேணாம்மா, நீங்க போட்டா போதும்” என்றார் அந்த அதிகாரி அம்மா. மனசு மாறினால் அறுபது நாளைக்குள் வந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியவள் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும்போது, “இன்னும் நாள் இருக்குதா டீச்சர்?” என்று கேட்பாள். இருக்கிறது என்பேன். போய்த் தூக்கிக்கொண்டு வா என்று ஒரு தடவையாவது சொன்னேனா? ரெண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மே மாசம் கெடு முடிந்தது.

ஜூன் முதல் வாரம். அன்பு நல்ல மார்க் வாங்கிப் பாஸாகியிருந்தாள். நான் லட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதை வாயில் வைக்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்:

“அது தம்பியா, தங்கச்சியா?”

“இன்னாடி?”

“திரும்பி வந்ததும் பால் வத்தறதுக்கு மார்ல துணி இறுக்கிக் கட்டிக்கினு படுத்தியே. பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? பரீட்ச முடிஞ்சி நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

சவுரி தரையைப் பார்த்தபடி, “தம்பி” என்றாள்.

“எங்க அது?”

“குடுத்துட்டேன். இனிமே கேக்க முடியாது. உனக்காகத்தான்டி...”

“எனக்காகன்னு சொல்லாத. என்னக் கேட்டியா?”

கேட்கவில்லை. சவுரியும் கேட்கவில்லை, மூன்று மாசம் என் வீட்டில் வைத்துச் சோறு போட்ட நானும் கேட்கவில்லை.