அகர வரிசையில் ஒரு கிணறு

வட்டாரப் பத்திரிகை நடத்துவது கஷ்டமே இல்லை. நடத்திவிட்டு அந்த வட்டாரத்துக்குள் நடமாடுவதுதான் கஷ்டம். இதில் மாட்டிக்கொண்ட சகாக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு போடிக்குத் திரும்பி, சுற்றுக் கிராமங்களின் கதைகளைப் போட்டு மாதம் ஒரு இதழ் கொண்டுவருகிறேன்.

ஜீப்பு நிரம்பும் வரை

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகள் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அந்த இடைவெளிதான் என் விற்பனை நேரம். ஏலக்காய் பறிக்கப் போகும் ஒரு அக்காவிடம் இதழை நீட்டினேன். பொட்டிபுரத்தைப் பற்றி உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரை. புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்க ஊரு எந்த மாசம் வருதுன்னு சொல்லுங்கண்ணே, வாங்குறேன். அடுத்த ஊருக்காரன் பெருமையக் கேக்கவா வெள்ளன எந்திரிச்சு வந்தேன்?"

நாலாவது வீடு

சரி, ஊர் ஊராகப் போடுவோம் என்று ராசிங்காபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொதுக்கிணறு பற்றி எழுதினேன். அதை வெட்டிய எட்டுக் குடும்பங்களின் பெயர்களை, யார் மனமும் நோகக்கூடாதே என்று, படித்த பாவத்துக்கு அகர வரிசையில் போட்டேன். அய்யாவு வீடு முதலில் வந்தது. பெருமாள் வீடு நாலாவது.

ஊர்த் திருவிழாவான சாமி கும்பிடில் முதல் மாலை மரியாதை காலங்காலமாகப் பெருமாள் வீட்டுக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது. 'புத்தகத்துலயே போட்டாச்சு, இந்த வருஷம் முதல் மாலை எங்களுக்கு' என்று அய்யாவு கிளம்பிவிட்டார். கும்பிடுக்கு எட்டே நாள். அந்த ஊரில் இதழ் ஒரே பகலில் தீர்ந்துபோனதை நினைத்து நான் பூரித்துக்கொண்டிருந்தபோது பெருமாள் போன் செய்தார்: "தம்பி, எங்க தாத்தன் வெட்டுன கெணத்துக்குள்ளயே எங்கள நாலாவது ஆளா எறக்கிவிட்டுட்டீகளே!"

மறுப்பு

ஓடினேன். கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அய்யாவு என் கட்டுரையை லேமினேட் செய்து மடியில் வைத்திருந்தார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே கௌரவம் அது. இரண்டு வீடும் ஒத்துவராவிட்டால் இந்த வருஷம் கும்பிடே கிடையாது என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. மலையில் எஸ்டேட் வேலைக்குப் போன சனமெல்லாம் லீவு சொல்லிவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். "அது வெறும் அகர வரிசைங்க. அந்த வரிசைக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அடுத்த இதழ்ல மறுப்பே போட்டுர்றேன்."

அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருந்த இருவரும் ஒருசேர என் பக்கம் திரும்பினார்கள். பெருமாள்தான் கேட்டார்: "வரிசைக்கே அர்த்தம் இல்லேன்னா, எங்க ரெண்டு வீட்டுக்கும் மரியாதை இல்லேங்கிறீகளா?"

ஒரே நொடியில் இரண்டு மாலை

என்னைத் திட்டுவதில் ஒன்றுசேர்ந்த சூட்டோடு சமாதானமும் ஆகிவிட்டது. கும்பிடு அன்று இருவரும் தோளோடு தோள் உரச நிற்க, இரண்டு பூசாரிகள் கண்ணால் சைகை காட்டிக்கொண்டு ஒரே நொடியில் இரண்டு மாலையைப் போட்டார்கள். எந்த மாலை முந்தியது என்று ஊரே செல்போனில் படம் பிடித்தது. கூட்டத்தில் ஒளிந்து நின்ற என்னைக் கண்டுபிடித்து, பட்டியலில் எட்டாவதாக வந்த வேலுச்சாமி காதோரம் சொன்னார்: "அண்ணே, அடுத்த தடவ எழுதுறப்ப கடைசியிலருந்து ஆரம்பிங்க. எங்க வீட்டு ஆளுக கழுத்தும் ஒரு மாலையப் பாக்கட்டும்."

ஊர்க்கதைப் பத்திரிகையை நம் சனம் தேடி வாங்குவது தெரியாததைத் தெரிந்துகொள்ள என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏற்கெனவே தெரிந்ததை நான் ஒழுங்காக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத்தான் வாங்குகிறார்கள்.